சுடுகலச் சட்டங்களும் குற்றவாளிகளும்

களவு செய்பவன் சட்டத்தை மதிப்பதில்லை. ஆதலின் களவைத் தடுக்கச் சட்டம் இயற்றுதல் வீண் என்று ஒருவன் கூறுவானாயின் நாம் அதனை ஏற்கமாட்டோம். ஆயினும், துப்பாக்கியைப் பற்றிய விவாதங்களிலே இதனையொத்த கூற்றொன்று கற்றோர் வாயிலும் அடிக்கடி வருகின்றது. துப்பாக்கிச் சட்டங்கள் நேர்மையானவனையே கட்டுப்படுத்தும். குற்றவாளியோ தனக்கு வேண்டியதை எவ்வாறாயினும் பெற்றுக்கொள்வான் என்பதே அக்கூற்று. இதற்கு மாறாக, நல்ல சட்டமொன்று இயற்றப்பட்டுவிட்டால் குற்றவாளியின் கை வெறுங்கையாகிவிடும் என நம்புவாரும் உளர். இவ்விரு கொள்கைகளுள் எது உண்மை? தருக்கத்தால் மட்டும் இதற்கு விடை காணல் அரிது. வரலாற்றைத் துணைக்கொண்டு ஆராய்வதே தக்கது.

இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற களம் ஐக்கிய அமெரிக்காவாகும். அங்கே படைக்கலம் வைத்திருத்தல் 1791 ஆம் ஆண்டில் நிறைவேறிய அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தத்திலே ஓர் உரிமையாகக் கூறப்பட்டது. நம் நாட்டில் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலக் கட்டளைச் சட்டம் அனுமதிப்பத்திரமின்றித் துப்பாக்கி வைத்திருத்தலைத் தடுத்தது. எனவே இங்கே துப்பாக்கி வேண்டுவோன் தான் தகுதியுடையவன் எனக் காட்டவேண்டும். அங்கே பெரும்பாலும் அரசாங்கமே அவன் தகுதியற்றவன் எனக் காட்டவேண்டும். தகுதியற்றவனை அரசாங்கம் எவ்வாறு கண்டறிவது என்பதே கடந்த நூறாண்டுகளாக அந்நாட்டுச் சட்டவாக்க வரலாற்றின் நடுநாயகமான வினாவாயிற்று. மேலும், ஐம்பது மாநிலங்கள் ஐம்பது வகையான சட்டங்களைக் கொண்டிருத்தலின், ஒன்றோடொன்றை ஒப்பிட்டுப் பயன் காணவும் இடமுண்டு.

முதலில் எழுந்த சட்டங்கள் ஒவ்வொன்றும் ஒரு வாயிலை மட்டுமே காத்தன. 1911 இல் நியூயோர்க் மாநிலம், மறைத்துக் கொண்டுசெல்லத்தக்க கைத்துப்பாக்கிகளுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டுமென விதித்தது. ஆனால் அயல் மாநிலங்களில் அத்தகைய தடை இல்லாமையால், எல்லை கடந்து சென்று வாங்கி வருவார்க்கும் தபால் மூலம் அழைப்பித்துக்கொள்வார்க்கும் வழி திறந்தேயிருந்தது. 1927 இல் கொங்கிரஸ் சபை கைத்துப்பாக்கிகளை அரசாங்கத் தபாலில் அனுப்புதலைத் தடைசெய்தது. அதுவும் அரை வேலையே. புகைவண்டி வழியாகப் பொதி கொண்டுசெல்லும் தனியார் நிறுவனங்களை அச்சட்டம் தொடவில்லை. தபாற்கந்தோரில் மறுக்கப்பட்ட பொதி, அயலிலிருந்த பொதி நிலையத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. இக்குறை எத்துணைக் கொடிய விளைவுக்கு இடமளித்தது என்பதைப் பின்னர்க் காண்பாம்.

1920 முதல் 1933 வரை நிலவிய மதுவிலக்குக் காலத்திலே, கள்ளச் சாராய வாணிகத்தால் செல்வம் பெருக்கிய கூட்டத்தார் தொம்சன் என்னும் இயந்திரத் துப்பாக்கியைக் கையாண்டனர். 1929 பெப்ரவரி 14 ஆம் தேதி சிக்காகோ நகரில் எழுவர் ஒருங்கே சுட்டுக் கொல்லப்பட்டமை நாடு முழுவதையும் திடுக்கிடச் செய்தது. 1933 பெப்ரவரியில், பதவியேற்கவிருந்த பிராங்ளின் ரூஸ்வெல்ற்றை நோக்கி மயாமி நகரில் ஒருவன் சுட்டான், ரூஸ்வெல்ற் தப்பினார், அருகே நின்ற சிக்காகோ நகரபிதா அன்ரன் சேமாக் குண்டடிபட்டு அடுத்த மாதம் இறந்தார். அக்கொலைஞன் கையாண்டது இயந்திரத் துப்பாக்கியன்று. அடைவு பிடிக்கும் கடையிலே எட்டு டொலருக்கு வாங்கிய சாதாரண றிவோல்வரே.

இச்சூழ்நிலையில் 1934 இல் தேசிய சுடுகலச் சட்டம் பிறந்தது. சட்டமா அதிபர் ஹோமர் கமிங்ஸ் சமர்ப்பித்த முதல் வரைவிலே இயந்திரத் துப்பாக்கிகளோடு கைத்துப்பாக்கிகளும் அடங்கியிருந்தன. தேசிய றைபிள் சங்கம் முதலியோரின் எதிர்ப்பினால் கைத்துப்பாக்கிகள் வரைவினின்றும் நீக்கப்பட்டன. எஞ்சிய இயந்திரத் துப்பாக்கி, குறுக்கப்பட்ட குழாயுடைய துப்பாக்கி, ஒலியடக்கி என்பவற்றுக்கு விதி மிகக் கடுமையாயிருந்தது. ஒவ்வொன்றும் பதிவு செய்யப்படவேண்டும்; கைமாறும் ஒவ்வொரு முறையும் அரசாங்கத்தின் ஒப்புதல் பெற வேண்டும்; கைவிரல் அடையாளம் கொடுக்கவேண்டும்; 200 டொலர் வரி செலுத்தவேண்டும். அவ்வரி அந்நாளில் ஒரு தொம்சன் துப்பாக்கியின் விலையை ஏறக்குறைய ஒத்ததாகும்.

இதன் பயன் கவனிக்கத்தக்கது. இவ்விதிக்கமையப் பதிவு செய்யப்பட்ட இயந்திரத் துப்பாக்கி கொலைக்குப் பயன்பட்ட வழக்குகள் அதன் பின் மிக அரியனவாயின. மதுவிலக்கு ஒழிந்தமையும் இதற்கு ஒரு காரணமென்பதை மறுத்தற்கில்லை. ஆயினும், பொருள் எந்தக் கையில் உள்ளதென்பது முதல் முதல் இறுதிவரை அறியப்பட்டிருந்தமையை நாம் மறத்தலாகாது. நாட்டில் நிகழும் கொலைகளிலே பெரும்பங்கு வகித்த கைத்துப்பாக்கியோ இக்காவலுக்குப் புறம்பே நின்றது. அரிதாய்ப் பயன்பட்ட கருவிக்கு உறுதியான பூட்டு. எங்கும் பயன்பட்ட கருவிக்குப் பூட்டே இல்லை. இவ்வேறுபாடு பின்வந்த வரலாற்றின் போக்கைப் பெரிதும் தீர்மானித்தது எனலாம்.

கைத்துப்பாக்கி உட்பட ஏனைய சுடுகலங்களுக்கென 1938 இல் வேறொரு சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி வியாபாரி ஆண்டுக்கு ஒரு டொலர் செலுத்தி அனுமதிப்பத்திரம் பெறுவான். கொடுங்குற்றம் புரிந்து தண்டனை பெற்றவனுக்குத் தெரிந்தே விற்றால் அவன் குற்றவாளியாவான். 'தெரிந்தே' என்ற இச்சொல்லே சட்டத்தின் உயிரை வாங்கிவிட்டது. வாங்க வந்தவன் யாரென அறிய வேண்டிய கடமை வியாபாரிக்கு இல்லை. அறிந்துகொள்ள வழியும் இல்லை. அறியாமையே அவனுக்குக் கவசமாயிற்று. கால் நூற்றாண்டு காலம் இச்சட்டம் ஏட்டளவிலேயே வாழ்ந்தது.

1963 ஆகஸ்டில் கனெக்டிக்கட் மாநில செனற்றர் தோமஸ் டொட், தபால் மூலம் கைத்துப்பாக்கி விற்றலைக் கட்டுப்படுத்தும் மசோதா ஒன்றைச் சமர்ப்பித்தார். துப்பாக்கித் தொழிற்சாலைகளுக்குப் பெயர்பெற்ற மாநிலத்தின் பிரதிநிதியே இதனைச் செய்தமை குறிப்பிடத்தக்கது. மசோதா குழுவிற் கிடந்தது. அவ்வாண்டு நவம்பர் 22 ஆம் தேதி டலஸ் நகரில் ஜனாதிபதி ஜோன் கென்னடி கொல்லப்பட்டார். லீ ஹார்வி ஒஸ்வால்ட், சஞ்சிகை விளம்பரமொன்றைக் கண்டு, ஹிடெல் என்னும் பொய்ப்பெயரால் சிக்காகோவிலுள்ள கடைக்கு எழுதி, தபாற் செலவு உட்பட 21.45 டொலருக்கு றைபிளைப் பெற்றிருந்தான். அன்றே பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரைக் கொன்ற றிவோல்வரையும் அவன் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலிருந்து அதே பொய்ப்பெயரால் வரவழைத்தான். அஃது அரசாங்கத் தபாலில் வரவில்லை. 1927 ஆம் ஆண்டுச் சட்டம் திறந்துவிட்ட தனியார் பொதிச் சேவை வழியாகவே வந்தது. முப்பத்தாறு ஆண்டுகளாகத் திறந்துகிடந்த வாயிலினூடாக அது நுழைந்தது.

கென்னடியின் மரணம்கூடச் சட்டசபையை உடனே அசைக்கவில்லை. 1968 ஏப்ரல் 4 இல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டார். அவரைக் கொன்ற ஜேம்ஸ் ஏர்ல் றே, மிசூரி மாநிலச் சிறையினின்றும் தப்பியோடிய கைதி. அலபாமாவில் பேர்மிங்ஹம் நகரக் கடையொன்றில் லோமயர் என்ற பொய்ப்பெயர் கூறித் துப்பாக்கி வாங்கினான். தப்பியோடிய கைதி பட்டப்பகலிலே கடைக்குட் சென்று காசு கொடுத்து வாங்கியதை எவரும் தடுக்கவில்லை. ஜூனில் றொபேட் கென்னடியும் கொல்லப்பட்ட பின்னரே, அக்டோபர் 22 ஆம் தேதி ஜனாதிபதி லிண்டன் ஜோன்சன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் ஒப்பமிட்டார். மாநிலங்களுக்கிடையே தபால் மூலம் பொதுமக்களுக்கு விற்றல் தடுக்கப்பட்டது. கடுங்குற்றவாளி, தேடப்படுவோன், போதைப்பொருள் பாவிப்போன், நீதிமன்ற ஆணையால் மனநோய் மனைக்கு அனுப்பப்பட்டோன் ஆகியோர் துப்பாக்கி பெறத் தகாதோர் என வகுக்கப்பட்டனர். ஜோன்சன் வேண்டிய பதிவு முறையும் அனுமதிப்பத்திர முறையும் சட்டத்தில் இடம்பெறவில்லை. அக்குறையை அவர் ஒப்பமிடும்போதே வெளிப்படையாகக் கூறினார்.

இச்சட்டத்தின்படி வாங்குவோன் ஒரு படிவத்தை நிரப்பி, தான் தகாதோருள் ஒருவனல்லன் என ஒப்பமிடவேண்டும். அவன் கூறியது மெய்யா பொய்யா என ஆராய்வார் எவருமிலர். பொய் சொல்ல அஞ்சாதவனிடம் நீ பொய்யனா என வினாவி, அவன் விடையை நம்பியிருந்த முறை இது. இருபத்தைந்து ஆண்டுகள் இம்முறையே நிலவியது.

அதே ஆண்டு ஜனவரியில் உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பொன்றும் ஈண்டு நோக்கற்பாலது. பதிவு செய்யப்படாத குறுங்குழாய்த் துப்பாக்கியை வைத்திருந்த ஹேன்ஸ் என்பவனை 1934 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்த் தண்டித்தல் கூடாதென நீதிமன்றம் தீர்த்தது. சட்டவிரோதமாக வைத்திருப்பவனைப் பதிவு செய்யுமாறு கட்டளையிடுதல் அவனுக்கெதிராக அவனையே சாட்சி கூறச் செய்வதாகும் என்பது காரணம். அவ்வாண்டின் இறுதியில் சட்டம் திருத்தியமைக்கப்பட்டது. எனினும் இவ்வழக்கு ஓர் உண்மையைப் புலப்படுத்தியது. குற்றவாளியையே விளித்துக் கட்டளையிடும் சட்டம் வலிவற்றது. அவனுக்குக் கொடுப்பவனை விளித்துக் கட்டளையிடும் சட்டமே வலிவுடையது.

1981 மார்ச் 30 இல் ஜனாதிபதி றொனால்ட் றேகன் சுடப்பட்டார். சுட்டவன் டலஸ் நகரத்து அடைவு பிடிக்கும் கடையொன்றிலே, படிவத்தில் பொய்யான விலாசம் எழுதி, மலிவான றிவோல்வரை வாங்கியவன். றேகன் பிழைத்தார், அவருடைய பத்திரிகைச் செயலாளர் ஜேம்ஸ் பிறேடி தலையிற் காயமுற்று வாழ்நாள் முழுவதும் ஊனமுற்றவரானார். அவரும் அவர் மனைவி சேராவும் நெடுங்காலம் முயன்றதன் பயனாக, 1993 நவம்பர் 30 இல் ஜனாதிபதி பில் கிளின்டன் பிறேடி சட்டத்தில் ஒப்பமிட்டார். கைத்துப்பாக்கி வாங்குவோன் ஐந்து வேலைநாட்கள் காத்திருக்கவேண்டும். அதற்கிடையில் உள்ளூர்ப் பொலிஸ் தலைவர் அவன் பின்னணியை ஆராயவேண்டும். சமஷ்டி அரசாங்கம் மாநில அதிகாரிகளை இவ்வாறு வேலைகொள்ளல் தகாதென 1997 இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது. 1998 நவம்பர் 30 முதல், கடைக்காரன் வினாவ உடனுக்குடன் விடை தரும் தேசியப் பின்னணிச் சோதனை முறை நடைமுறைக்கு வந்தது. 1968 ஆம் ஆண்டுப் படிவத்தின் விடைகளை ஒருவர் சரிபார்க்கும் காலம் அப்போதுதான் பிறந்தது.

இனிப் பயனை ஆராய்வாம். 1994 முதல் 2015 இறுதி வரை ஏறத்தாழ 19 கோடியே 70 இலட்சம் விண்ணப்பங்கள் சோதிக்கப்பட்டன. ஏறத்தாழ 30 இலட்சம் மறுக்கப்பட்டன. இம்மறுப்புகள் எல்லாம் குற்றங்களைத் தடுத்தன என்று கொள்ளல் தவறு. ஒன்றையும் தடுக்கவில்லை என்று கொள்ளலும் தவறு. 2000 ஆம் ஆண்டில் லட்விக், குக் என்னும் அறிஞர் இருவர் வெளியிட்ட ஆராய்ச்சி நிதானமான விடை தருகின்றது. பிறேடி சட்டத்தாற் புதிய விதிக்குட்பட்ட 32 மாநிலங்களையும், முன்னரே தக்க விதிகளைக் கொண்டிருந்த ஏனையவற்றையும் அவர்கள் ஒப்பிட்டனர். கொலை வீதத்தில் குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. ஐம்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டோர் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளல் மட்டும் குறைந்தது. சட்டத்தை ஆதரித்தோருக்கு இஃது ஏமாற்றமளித்தது.

ஏன் இவ்வாறாயிற்று? சமஷ்டிச் சட்டம் துப்பாக்கி விற்றலைத் தொழிலாகக் கொண்ட வியாபாரியையே கட்டுப்படுத்தியது. தன்னிடமுள்ள துப்பாக்கியை அயலவனுக்கு விற்கும் தனியாள் சோதனைக்குட்படுவதில்லை. 2016 இல் சிறைக்கைதிகளிடையே அரசாங்கம் நடத்திய கணக்கெடுப்பு இதனை விளக்குகின்றது. குற்றத்தின்போது துப்பாக்கி வைத்திருந்தோருள் நூற்றுக்கு 43 பேர் அதனைத் தெருவிலோ கள்ளச் சந்தையிலோ பெற்றோர். 25 பேர் உறவினரிடமிருந்தோ நண்பரிடமிருந்தோ பெற்றோர். அனுமதி பெற்ற வியாபாரியிடம் தம் சொந்தப் பெயரால் வாங்கியோர் 7 பேர் மட்டுமே.

இப்புள்ளிகளை இருசாராரும் தமக்குச் சாதகமாகக் காட்டுவர். குற்றவாளி கடைக்குச் செல்வதில்லை, ஆதலின் கடையைக் காத்தல் வீண் என்பர் ஒரு சாரார். கடை காக்கப்பட்டமையாலேயே அவன் கடைக்குச் செல்லவில்லை என்பர் மறு சாரார். யாம் வேறொன்றை வினாவுகின்றோம். தெருவில் விற்கப்பட்ட அத்துப்பாக்கி எங்கே பிறந்தது? கள்ளச் சாராயத்தைப் போல அது காட்டிலே வடிக்கப்பட்டதன்று. பெரும்பாலும் தொழிற்சாலையில் இலக்கம் பொறிக்கப்பட்டு, அனுமதி பெற்ற கடையொன்றிலே யாரோ ஒருவருக்குச் சட்டப்படி விற்கப்பட்டதே. நேர்மையான கையினின்றும் நேர்மையற்ற கைக்கு அது மாறிய கணமொன்று உண்டு. அக்கணத்தைச் சட்டம் காணவில்லை.

காணாதபடி சட்டமே தன் கண்ணைக் கட்டிக்கொண்டது என்றும் கூறலாம். சமஷ்டி அரசாங்கம் துப்பாக்கிப் பதிவேடு அமைத்தலை 1986 ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. குற்றத்தலத்திற் கிடைத்த துப்பாக்கியின் வரலாற்றை அறிய, மேற்கு வேர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பேர்க் நகரிலுள்ள நிலையம் தொழிற்சாலையை வினாவி, பின் மொத்த வியாபாரியை வினாவி, பின் கடைக்காரனை வினாவி, முதலில் வாங்கியவனைக் கண்டறியும். கடை மூடப்பட்டிருப்பின், அங்கிருந்து வந்த பழைய பதிவுகளுட் தேடவேண்டும். அவற்றைப் பெயரால் தேடத்தக்க முறையிலே கணினியில் ஒழுங்குபடுத்தவும் தடையுண்டு. முதல் வாங்கியவனோடு தடம் அறுந்துவிடும். "நெடுநாட்களுக்கு முன் விற்றுவிட்டேன், யாருக்கென்று நினைவில்லை" என அவன் கூறினால், பல மாநிலங்களில் அதற்குமேல் வினாவ இடமில்லை.

காக்கப்பட்ட வாயிலிலும் காவலாளி உறங்கியதுண்டு. 2007 இல் வேர்ஜீனியாத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 32 பேரைக் கொன்றவன், தனக்கே ஆபத்தானவன் என 2005 இல் நீதிபதியொருவராற் காணப்பட்டவன். அச்செய்தி தேசியப் பதிவுக்கு அனுப்பப்படவில்லை. 2015 இல் சார்ள்ஸ்ரன் நகரத் தேவாலயத்தில் ஒன்பதின்மரைக் கொன்றவனுடைய சோதனை மூன்று வேலைநாட்களுள் முடியவில்லை. அத்தவணை கடந்தால் கடைக்காரன் விற்கலாம் என்ற விதியால் அவன் துப்பாக்கியைப் பெற்றான். 2017 இல் டெக்ஸாஸ் மாநிலத் தேவாலயமொன்றில் 26 உயிர்கள் பலியாயின. கொலைஞன் இராணுவ நீதிமன்றத்தில் தண்டனை பெற்றதை விமானப்படை அறிவிக்கத் தவறியிருந்தது. இம்மூன்றிலும் சட்டம் இல்லாமற் போகவில்லை. எழுதவேண்டிய ஒரு வரி எழுதப்படாமற் போயிற்று, அல்லது உரிய காலத்திற் படிக்கப்படாமற் போயிற்று. எழுதுவினைஞன் ஒருவனின் மேசையிலே மனித உயிர் எவ்வாறு தொங்குகின்றது என்பதற்கு இவற்றினும் துயரமான சான்று வேண்டியதில்லை.

சோதனையோடு அமையாது அனுமதிப்பத்திரத்தையும் வேண்டிய மாநிலங்களின் அனுபவம் வேறுபட்டது. கனெக்டிக்கட் 1995 இல், கைத்துப்பாக்கி வாங்க விரும்புவோன் பொலிஸ் நிலையத்திற்கு நேரிற் சென்று, கைவிரல் அடையாளம் கொடுத்து, பயிற்சியும் பெறவேண்டுமென விதித்தது. அதன்பின் பத்தாண்டுகளில் துப்பாக்கிக் கொலைகள், அச்சட்டம் இல்லாதிருப்பின் எதிர்பார்க்கத்தக்க அளவினும் ஏறத்தாழ நூற்றுக்கு 40 குறைந்தன என 2015 இல் ஆராய்ச்சியாளர் மதிப்பிட்டனர். பின்வந்த மதிப்பீடுகள் இதனிலும் குறைந்தன. இத்தகைய அனுமதிப்பத்திர முறையை 2007 இல் நீக்கிய மிசூரியிலோ துப்பாக்கிக் கொலை வீதம் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு உயர்ந்ததாகக் கணிக்கப்பட்டது. ஆனால் தனியார் விற்பனைக்கும் 1991 முதல் பின்னணிச் சோதனையை விதித்த கலிபோர்னியாவில், அதனால் மட்டும் கொலை குறைந்ததாக ஆராய்ச்சியாளர் கண்டிலர். இவை சில மாநிலங்களின் கணக்குகளே. வேறு காரணங்களும் கலந்திருக்கலாம். எனினும் மூன்றும் ஒரே திசையைச் சுட்டுகின்றன. காகிதத்தைச் சோதித்தல் சிறு பயனையும், ஆளை நேரிற் கண்டு பொறுப்பை அவன்மேற் சுமத்துதல் பெரும் பயனையும் தரும் என்பதே அத்திசை. இங்கிலாந்து இதனை முன்னரே கண்டது. 1903 ஆம் ஆண்டுச் சட்டப்படி தபாற்கந்தோரில் பணம் செலுத்திப் பெற்ற பத்திரமே கைத்துப்பாக்கி வாங்கப் போதுமாயிருந்தது. 1920 ஆம் ஆண்டுச் சட்டமோ பொலிஸ் தலைவர் ஆளையும் காரணத்தையும் ஆராய்ந்து சான்றிதழ் வழங்கவேண்டுமென விதித்தது.

எதிர்வாதத்தின் வலிமையையும் கூறுதல் நடுநிலையாளர் கடன். தகுதியை மெய்ப்பித்தல் என்னும் சுமை குற்றமற்ற பலர்மீதே விழுகின்றது. அதிகாரியின் விருப்பு வெறுப்புக்கு உரிமையை ஒப்படைத்தல் தீங்குக்கு இடமாகும். 2022 இல் உயர் நீதிமன்றம், சிறப்பான காரணம் காட்டினாலன்றிக் கைத்துப்பாக்கியை வெளியே கொண்டுசெல்ல அனுமதி மறுக்கும் நியூயோர்க் விதியை நீக்கியது. நாட்டின் சட்ட மரபோடு பொருந்தும் கட்டுப்பாடே செல்லுமென்றும் அது கூறியது. எனவே இன்று அந்நாட்டு நீதிபதிகளும் வரலாற்று மாணவராயினர். மேலும், வீட்டிலேயே பொருத்தத்தக்க இலக்கமற்ற துப்பாக்கிகள் அண்மைக் காலத்திற் பரவின. அவற்றின் பகுதிகளையும் சட்டத்துட் கொணர்ந்த 2022 ஆம் ஆண்டு விதியை 2025 மார்ச்சில் அதே நீதிமன்றம் ஏற்றது. ஒரு வாயில் அடைபட மறுவாயில் திறக்கும் கதை முடியவில்லை.

முதலில் எழுப்பிய வினாவுக்கு இனி விடை கூறலாம். குற்றவாளி சட்டத்தை மதிப்பதில்லை என்பது மெய். ஆனால் அவனுக்குத் துப்பாக்கியைத் தரும் கைகளுட் பல, சட்டத்திற்கு அஞ்சும் கைகளே. கடைக்காரன், நண்பன், உறவினன், பழைய துப்பாக்கியை விற்கும் அயலவன், வேறொருவனுக்காகத் தன் பெயரால் வாங்கிக் கொடுப்பவன் ஆகிய இவர்களே சட்டம் பேசவேண்டிய மக்கள். வேறொருவனுக்காக வாங்கிக் கொடுத்தலைத் தனிக் குற்றமாகச் சமஷ்டிச் சட்டம் வகுத்தது 2022 இலேதான். 1927 ஆம் ஆண்டுச் சட்டமும் 1938 ஆம் ஆண்டுச் சட்டமும் 1968 ஆம் ஆண்டுப் படிவமும் தோற்றமைக்குக் காரணம், சட்டமென்ற பொருளின் இயலாமையன்று. கைமாறும் கணத்தில் விடை சொல்லக் கடமைப்பட்டவன் ஒருவனும் இல்லாமையே. 1934 ஆம் ஆண்டின் பதிவும் கனெக்டிக்கட் பத்திரமும் ஓரளவு வென்றமைக்குக் காரணம் அத்தகையவன் ஒருவன் இருந்தமையே. ஒரு நாடு எத்தனை சட்டங்களை இயற்றியது என எண்ணுவதை விடுத்து, துப்பாக்கி ஒரு கையினின்றும் மறு கைக்குச் செல்லும்போது அதற்கு யார் பொறுப்பாளி என வினாவுவதே வரலாறு கற்பார்க்குத் தகுந்த வினாவாகும்.